துக்கம் கேட்க வராதவர்கள்

ஐயா, வணக்கம்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் வேலை. 2021 மே மாதம் கொரோனாவில் அப்பா போய்விட்டார். அதிலிருந்து என்னால் சேர்ந்தாற்போல் பத்துப் பக்கம் வாசிக்க முடியவில்லை. பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே உலகில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நானும் அதில் ஒருவனா? அம்மா தைரியசாலி, இதுவரை அழவே இல்லை. திருப்பூர் அத்தைதான் சாவுக்கே வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. மறுபடி வாசிக்க என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாசிப்பு திரும்பும். சின்னப் புத்தகமாக எடுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். சதவீதக் கணக்கில் உங்களைத் தேடாதீர்கள். தூக்கமே இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் மட்டும் தயங்காமல் 14416-க்குப் பேசுங்கள். 2022-ல் அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அம்மாவைப் பற்றிய வரி. அழாமல் இருப்பதுதான் தைரியம் என்று யார் சொன்னது உங்களுக்கு?

வலங்கைமான் பக்கம் என் பெரியப்பா இறந்தபோது, கருமாதி வரைக்கும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தது. ஆண்கள் பந்தலில் உட்கார்ந்து மேட்டூரில் எத்தனை அடி என்று பேசுவார்கள். பெண்கள் நேராக உள்ளே போய்ப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது ஓய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எப்படி ஆச்சு?" பெரியம்மா முதலிலிருந்து தொடங்குவார். காபி கேட்டது, நெஞ்சைப் பிடித்தது, கார் வரத் தாமதமானது. முதல் நாள் அவர் சொன்னதில் தலையும் இல்லை, வாலும் இல்லை. சொல்லிச் சொல்லி, கருமாதிக்குள் அது ஒரு கதையாகிவிட்டது. நடுவே பெரியப்பாவின் முன்கோபத்தைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார். இந்த வைத்தியத்துக்கு நம் ஊரில் யாரும் காசு வாங்கியதில்லை.

கொரோனா பறித்தது இதைத்தான். சாவுக்கு 20 பேருக்குத்தான் அனுமதி. முகம் பார்க்கலாம், தொடத்தான் கூடாது என்றது 2020 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை தந்த வழிகாட்டுதல். ஆனால் அந்த முகத்தைக்கூடப் பார்க்காமல் பையோடு அனுப்பிய வீடுகள் எத்தனை! போனில் துக்கம் கேட்டவர்களும் எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது, ஊசி போட்டிருந்தாரா என்று கேட்டார்கள். அவரவர் பயம் அவரவருக்கு. ஜூன் 12-ல் மேட்டூரும் திறந்தாயிற்று. உங்கள் அம்மா நாற்றங்காலைப் பார்க்கப் போயிருப்பார். அவரை உட்கார வைத்து யார் கேட்டார்கள்? நீங்கள் கேட்டீர்களா?

இதில் அத்தை மேல் கோபம் வேறு! அப்போது மாவட்டம் தாண்ட இணையத்தில் இ-பதிவு செய்ய வேண்டும், ஓட பஸ் இல்லை. கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திருப்பூரில் தனியாக அழுதிருப்பார் அந்த அம்மாள். அவரிடமும் யாரும் துக்கம் கேட்கவில்லை. நீங்களோ யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே அத்தைக்குப் போன் போடுங்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு வரச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் கழித்து எதுக்கு என்று அம்மா முனகுவார், முனகட்டும். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழும்போது, "போதும்மா, உடம்புக்கு ஆகாது" என்று நடுவில் போய் நிற்காதீர்கள். கடைத்தெருப் பக்கம் போய்விட்டு மெதுவாக வாருங்கள்.