ஓக்லஹோமா காலியாகக் கிடந்ததா?

கேள்வி: அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் பிறந்ததே 1907-ல்தான். காலியாகக் கிடந்த புல்வெளியில் மக்கள் குதிரையிலும் வண்டியிலும் ஓடிப் போய் இடம் பிடித்து, ஒரே நாளில் ஊர் கட்டினார்கள். அந்த உழைப்பைத் தவிர அதற்கு வரலாறு என்று என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஓடிப் போய் இடம் பிடித்தது உண்மை. காலியாகக் கிடந்தது என்பதுதான் உண்மையில்லை.

1889 ஏப்ரல் 22, நண்பகல். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் சுமார் 50,000 பேர் எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர். முந்திப் போய் அடையாளம் நட்டவருக்கு 160 ஏக்கர் வரை. காலையில் ஒரு ரயில் நிலையம் மட்டுமே இருந்த கத்ரியில் இரவுக்குள் பத்தாயிரம் பேர் கூடாரம் அடித்துவிட்டார்கள். அதில் பட்ட பாட்டை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலம் 1866 வரை மஸ்கோகி, செமினோல் என்ற பூர்வகுடி மக்களுடையது. வேறு பூர்வகுடிகளையும் விடுதலையான அடிமைகளையும் குடியேற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் அரசாங்கம் அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கியது. இருபது வருடம் கழித்து வெளியாருக்குத் திறந்துவிட்டது.

சரி, அந்த மக்கள் அங்கே எப்படி வந்தார்கள்? அவர்களாக வரவில்லை. 1830 மே 28-ல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பூர்வகுடிகளை மேற்கே அனுப்புவதற்கான சட்டம். அதில் முக்கியமாக மாட்டிக்கொண்டவர்கள் செரோக்கி, சோக்டா, சிக்கசா, மஸ்கோகி, செமினோல் ஆகிய ஐந்து இனத்தார்.

செரோக்கிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செக்வோயா என்பவர் 1821-ல் அவர்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கினார். 1827-ல் அவர்கள் தங்களுக்கென அரசியல் சட்டம் எழுதிக்கொண்டார்கள். 1828-ல் சொந்தப் பத்திரிகை தொடங்கினார்கள். ஜார்ஜியா மாநிலம் தங்கள் மண்ணில் சட்டம் செலுத்த வந்தபோது நீதிமன்றம் போனார்கள். ஜார்ஜியாவின் சட்டம் அங்கே செல்லாது என்று 1832-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் ஒன்றும் நடக்கவில்லை. 1835-ல் அதிகாரமே இல்லாத ஒரு சிறு குழுவிடம் அரசாங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. தலைவர் ஜான் ராஸ் பல்லாயிரம் பேரின் கையெழுத்தோடு அதை எதிர்த்து மனு கொடுத்தார். செனட்டில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தம் நிறைவேறியது. 1838-ல் ராணுவம் வந்து வீடு வீடாக மக்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. சுமார் 16,000 பேர் கிளம்பியதில் முகாமிலும் வழியிலும் 4,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவான கணக்கு.

எங்கே கொண்டுபோய் விட்டார்களோ, அதுதான் நீங்கள் காலி என்று சொல்லும் ஓக்லஹோமா. விட்டபோது கொடுத்த வாக்கையும் சொல்ல வேண்டும். புதிய நிலம் அவர்களுக்கு என்றென்றைக்கும் உறுதி என்பது 1830 சட்டத்திலேயே இருக்கிறது. எந்த மாநிலத்துக்கும் அவர்களை ஆள சட்டம் போடும் உரிமை இருக்காது என்று 1832-ல் மஸ்கோகிகளோடு போட்ட ஒப்பந்தம் சொல்கிறது.

அந்த வாக்கை நம்பி அவர்கள் மறுபடி எழுந்தார்கள். டாலக்வா செரோக்கிகளின் தலைநகரானது. 1851-ல் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு உயர்கல்விக்கூடங்கள் திறந்தார்கள். சோக்டாக்கள் தாங்களும் இதேபோல் விரட்டப்பட்டு, வழியில் பலர் செத்து இருபது வருடம்கூட ஆகாத 1847-ல், பசியில் வாடிய அயர்லாந்துக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தில் அதற்கு ஒரு நினைவுச் சிற்பமே நிற்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த ஐந்து இனத்தாரிலும் வசதியானவர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். அந்த அடிமைகளும் அதே பாதையில்தான் நடந்தார்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தபோது ஐந்து அரசுகளும், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோய் கடைசியில் தோற்ற தென் மாநிலங்களோடு ஒப்பந்தம் போட்டன. உள்ளுக்குள்ளேயே பிளந்து சண்டையிட்டன. அதற்குத் தண்டனையாகத்தான் 1866-ல் மேற்குப் பகுதி நிலங்கள் பறிபோயின.

அப்புறம் 1887-ல் டாஸ் சட்டம் வந்தது. 1898-ல் வந்த கர்டிஸ் சட்டம் அதை இந்த ஐந்து இனத்தாரின் மீதும் ஏற்றியது. ஊர்ப் பொதுவாக இருந்த நிலத்தைத் தலைக்கு இத்தனை ஏக்கர் என்று கூறு போட்டு, அவர்களுடைய நீதிமன்றங்களை மூடினார்கள். தனித்தனிப் பட்டாவான பிறகு நிலம் கைமாறுவது எளிது. 1905-ல் கடைசி முயற்சியாக, கிழக்குப் பகுதியைச் செக்வோயா என்ற தனி மாநிலமாக்கக் கோரி மஸ்கோகி நகரில் மாநாடு கூட்டி அரசியல் சட்டம் எழுதினார்கள். மக்கள் பெரும்பான்மையாக ஓட்டும் போட்டார்கள். வாஷிங்டன் ஏற்கவில்லை. 1907 நவம்பர் 16-ல் கிழக்கையும் மேற்கையும் சேர்த்து 46-வது மாநிலம் அறிவிக்கப்பட்டது. புதிய சட்டமன்றம் நிறைவேற்றிய முதல் சட்டம், ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி.

அந்த முதல் சட்டத்தின் மனநிலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு டல்சா நகரம் சாட்சி. 1921 மே 31 இரவும் ஜூன் 1-ம் தேதியும் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரின் கிரீன்வுட் பகுதியில் சுமார் 35 தெருக்கட்டுகளைக் கொளுத்தியது. இறந்தவர்கள் 100-லிருந்து 300 வரை இருக்கலாம் என்கிறார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. மாநிலம் விசாரணைக் குழு அமைத்ததே 1997-ல்தான். அதே 1920-களில், நிலத்தடி எண்ணெயில் பங்கு வைத்திருந்த ஓசேஜ் என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பங்கை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக மட்டுமே பெறலாம் என்பதால் நடந்த கொலைகள் அவை. 1930-களின் புழுதிப் புயலில் ஊரைவிட்டுப் போன விவசாயிகளின் துயரமும் பெரியதுதான். அது உலகத்துக்குத் தெரிந்த அளவு இவை தெரியவில்லை.

1907-ல்தான் பிறந்தது என்கிறீர்களே, அதற்கு முந்தையது முடிந்துபோனதா என்று பார்ப்போம். 2020 ஜூலை 9-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மஸ்கோகிகளுக்கு ஒதுக்கிய நிலப்பகுதியை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒருபோதும் கலைக்கவில்லை, ஆகவே அது இன்னும் இருக்கிறது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மற்ற நான்கு இனத்தாருக்கும் அதுவே பொருந்தும் என்று மாநில நீதிமன்றம் அடுத்த வருடம் சொன்னது. குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை மாநிலத்தின் கிழக்குப் பகுதி பெரும்பாலும் பூர்வகுடி நிலம் என்றாகிவிட்டது; அங்கே பூர்வகுடியினர் மீது வழக்கு நடத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை. 2022-ல் வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்குக் கொஞ்சம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. இழுபறி ஓயவில்லை. சோக்டா இனத்தவர் ஒருவருக்கு டல்சாவில் வேகமாக வண்டி ஓட்டியதற்கு அபராதம் விதித்தார்கள். தனக்கு அந்த அதிகாரம் உண்டு என்று நகராட்சி எடுத்து நீட்டியது 1898-ன் கர்டிஸ் சட்டத்தை. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது.