பாஸ் மீனுக்காக எந்த ஏரிக்கரையில் குடியேறலாம்?

கேள்வி: எனக்கு வயது 64. முப்பது வருடமாக நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை, அடுத்த மார்ச்சில் ஓய்வு. சொந்த ஊர் திருவையாறு பக்கம். சின்ன வயதில் வாய்க்காலில் விரால் பிடித்த ஆசை இங்கே வந்தபிறகு பாஸ் மீன் மேல் திரும்பிவிட்டது. ஃப்ளோரிடாவில் ஒகீச்சோபி, டெக்சஸில் லேக் ஃபோர்க், அலபாமாவில் கன்டர்ஸ்வில், இந்த மூன்றில் ஒரு கரையில் வீடு வாங்கிக் குடியேற வேண்டும் என்பது பல வருடக் கனவு. மனைவிக்குக் கோயிலும் பேச நாலு தமிழ்க் குடும்பமும் வேண்டும். எனக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தார்கள். எந்த ஏரியைத் தேர்ந்தெடுக்கலாம்?
(வாசகர், எடிசன், நியூஜெர்சி)

பதில்: கன்டர்ஸ்வில், சார். முதலிலேயே சொல்லிவிட்டேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம்.

மீன் எங்கே பெரிது என்று மட்டும் நீங்கள் கேட்டிருந்தால் லேக் ஃபோர்க் என்று எழுதிவிட்டு முடித்திருப்பேன். டெக்சஸ் மாநிலத்தின் சாதனை மீன், 18.18 பவுண்டு, அதாவது எட்டு கிலோவுக்கும் மேல், 1992 ஜனவரியில் அங்கேதான் சிக்கியது. 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள மீன் கிடைத்தால் இனப்பெருக்கத்துக்காக அரசு மீன் பண்ணைக்குக் கொஞ்ச நாள் கடன் கொடுக்கும் ஷேர்லங்கர் திட்டம் 1986-இல் இருந்து டெக்சஸில் நடக்கிறது, அதற்கு அதிக மீன்களைக் கொடுத்த ஏரியும் ஃபோர்க்தான். ஆனால் நீங்கள் கேட்பது ஒரு வாரம் போய்வர இடம் இல்லை, எண்பது வயது வரை குடியிருக்க இடம். ஃபோர்க்குக்கு வருடா வருடம் மார்ச்சில் ஒரு கைடை வைத்துக்கொண்டு நாலு நாள் போய் வாருங்கள், ஆசையும் தீரும், செலவும் கட்டுக்குள் இருக்கும்.

குடியேறும் ஏரிக்கு நான் முதலில் பார்ப்பது நீர்மட்டம். மீன் அப்புறம்தான். இதை யாரும் யோசிப்பதில்லை, வீட்டு விளம்பரப் படங்களில் ஏரி எப்போதும் நிறைந்துதான் தெரியும். ஆஸ்டின் பக்கம் லேக் டிராவிஸில் 2011-ஐ ஒட்டித் தொடங்கிய வறட்சியில் தண்ணீர் ஐம்பது அடிக்கும் மேல் இறங்கிப்போய், கரை வீடுகளின் படகுத்துறைகள் காய்ந்த மண்ணில் நின்றன. கன்டர்ஸ்வில் அப்படி இல்லை. டென்னசி ஆற்றின் குறுக்கே டி.வி.ஏ. (அந்த ஆற்று அணைகளை நிர்வகிக்கும் மத்திய அரசு நிறுவனம்) 1939-இல் கட்டி முடித்த அணை அது, சரக்குப் படகுகள் வருடம் முழுவதும் போக வேண்டும் என்பதால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் சுமார் இரண்டே அடி. இன்று உங்களுக்குப் படகு ஓட்டத் தெம்பு இருக்கிறது. 78 வயதில் ஒருநாள் படகு வேண்டாம் என்று முழங்கால் சொல்லும், அன்றைக்கு உங்கள் துறையின் நுனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் காலுக்கடியில் தண்ணீர் இருக்க வேண்டும், தண்ணீரில் மீன் இருக்க வேண்டும். நான் சொல்லும் ஏரி அது.

மீனுக்கும் குறை இல்லை. அலபாமாவின் மிகப்பெரிய ஏரி, சுமார் 69,000 ஏக்கர். 2014-இலும் 2020-இலும் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் மீன்பிடிப் போட்டி நடந்த இடம். நான் அட்லாண்டாவில் இருந்த வருடங்களில் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிக் கிளம்பி அங்கே போவேன், மாநில எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்பதால் விடியும்முன் தாராளமாகத் தண்ணீரில் இறங்கிவிடலாம். செப்டம்பர் மாதத்தில் ஹைட்ரில்லா பாசி (நம் ஊர்க் குளங்களிலும் இருப்பதுதான்) மேலே வந்து பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். மோட்டாரை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால் பாசிக்கு அடியில் டிக், டிக் என்று சொடுக்குப் போடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், ப்ளூகில் என்ற சிறுமீனின் குஞ்சுகள் பாசியில் ஒட்டியிருக்கும் பூச்சியைப் பறித்துத் தின்கிற சத்தம் அது. சத்தம் இருக்கிற இடத்தில் இரை இருக்கிறது, இரை இருக்கிற இடத்தில் பாஸ் இருக்கிறது. ரப்பர் தவளையை அந்தப் பாய்மேல் போட்டு மெதுவாக இழுத்து, ஓட்டை தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பாசி வெடித்துத் தண்ணீர் மேலே எழும்பும். உடனே இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும், ஒன்று இரண்டு எண்ணி, தூண்டில் நரம்பில் கனம் தெரிந்தபிறகு இழுக்க வேண்டும். வாய்க்காலில் தவளை கோத்து விரால் பிடித்த கைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அடுத்து ஆஸ்பத்திரி. ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். ஹன்ட்ஸ்வில் நகரம் அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார் தூரம், இதய சிகிச்சைக்கு எல்லா வசதியும் உண்டு. நாசாவின் மார்ஷல் மையம் இருக்கிற ஊர், அதனால் எஞ்சினியர்கள் நிறைந்த ஊர், இந்தியக் குடும்பங்களும் இருக்கின்றன, கோயிலும் இருக்கிறது. எடிசனில் தெருவுக்குத் தெரு இட்லி கிடைப்பது மாதிரி இருக்காது, அதை மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏரியை ஒட்டி வாங்காமல் ஹன்ட்ஸ்வில்லுக்கும் ஏரிக்கும் நடுவில் வீடு பார்ப்பதும் நல்ல யோசனைதான், விடியற்காலை அரைமணி நேரக் கார் ஓட்டம் உங்களுக்குப் பெரிதல்ல, பகல் முழுவதும் தனியாக இருப்பது அவருக்குப் பெரிது.

மார்ச்சில் 65 ஆகியிருக்காவிட்டால் மெடிகேர் (65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ்) தொடங்கும்வரை இன்ஷூரன்ஸுக்கு என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வேலையை விட்டபிறகும் இன்ஷூரன்ஸைத் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டம் மூலம் கம்பெனி இன்ஷூரன்ஸைப் பொதுவாக 18 மாதம் நீட்டிக்கலாம், ஆனால் முழுப் பிரீமியமும் உங்கள் கையிலிருந்து போகும். மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் எடுப்பதாக இருந்தால் அது கவுண்டிக்கு ஏற்ப மாறும், உங்கள் இதய டாக்டர் அந்தத் திட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒகீச்சோபி ஏன் வேண்டாம் என்கிறேன்? அழகான தண்ணீர், 730 சதுர மைல், சராசரி ஆழம் ஒன்பது அடிதான், புல் காடு, ஜனவரியிலேயே மீன் முட்டையிட வரும், நியூஜெர்சியில் பனி அள்ளியவருக்கு அது சொர்க்கமாகத் தெரியும். ஆனால் 1928 புயலில் அந்த ஏரி கரை உடைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதற்குப்பிறகு சுற்றிலும் பெரிய மண் அணை எழுப்பிவிட்டார்கள். ஆகவே வீட்டு வாசலில் நின்றால் ஏரி தெரியாது, அணைதான் தெரியும், ஏரிக்குக் கால்வாய் வழியாகப் போக வேண்டும். 2016-இலும் 2018-இலும் நீலப்பச்சைப் பாசி படர்ந்து தண்ணீரே நாறியது. ஃப்ளோரிடாவில் வீட்டு இன்ஷூரன்ஸ் இப்போது இருக்கிற விலையில், ஓய்வூதியக் கணக்குப் போடுகிறவர் அதை முதல் வரியில் எழுத வேண்டும், வெள்ளத்துக்கு அது பொருந்தாது, தனியாக எடுக்க வேண்டும். ஃப்ளோரிடாதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் ஆர்லாண்டோ பக்கம் கிஸிமி ஊரில் லேக் டோஹோவைப் பாருங்கள். 2001 ஜனவரியில் ஒரே நாளில் ஐந்து மீன் சேர்த்து 45 பவுண்டு 2 அவுன்ஸ் என்ற போட்டிச் சாதனை அங்கே நடந்தது. ஆஸ்பத்திரி, கோயில், விமான நிலையம் எல்லாம் பக்கம்.

வரி விஷயம்: ஃப்ளோரிடாவிலும் டெக்சஸிலும் மாநில வருமான வரி இல்லை. அலபாமாவில் உண்டு, ஆனால் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்குக் கிடையாது, சொத்து வரி மிகக் குறைவு. டெக்சஸில் சொத்து வரி கடிக்கும். 65 தாண்டி அந்த மாநிலத்தில் குடியிருப்பவராக ஆகிவிட்டால் அலபாமாவிலும் ஃப்ளோரிடாவிலும் மீன்பிடி லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கரையோர மனை என்றாலே படகுத்துறை கட்டலாம் என்று அர்த்தம் இல்லை. தண்ணீர் ஓர நிலத்தில் பல இடங்களில் டி.வி.ஏ.வுக்கு உரிமை உண்டு, துறை கட்ட அவர்களுடைய 26ஏ அனுமதி வேண்டும். என் நண்பர் ஒருவர் விற்றவர் வாய்ச்சொல்லை நம்பி ஒரு மனை வாங்கினார், பிறகுதான் அந்தத் துண்டுக்குத் துறை உரிமையே இல்லை என்று தெரிந்தது, இன்றும் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொதுப் படகுத்துறைக்குக் கார் ஓட்டுகிறார், எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. இரண்டு, அது டொர்னேடோ வரும் பகுதி. 2011 ஏப்ரல் 27 அன்று வட அலபாமா பட்ட பாட்டை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்குள் பாதுகாப்பு அறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நியூஜெர்சி வீட்டை உடனே விற்காதீர்கள். ஆகஸ்டில் ஒரு மாதம், பிப்ரவரியில் ஒரு மாதம் கன்டர்ஸ்வில்லில் வாடகைக்கு இருந்து பாருங்கள், இரண்டு தடவையும் மனைவியோடு. ஏப்ரலில் போய்ப் பார்த்தால் எல்லா ஏரியும் பிடிக்கத்தான் செய்யும்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு 20 அடி ஃபைபர் கிளாஸ் படகு, 250 குதிரைசக்தி மோட்டார் வாங்க நினைக்கிறேன். 66 வயது. சரியா?
(வாசகர், சார்லட், வடக்கு கரோலினா)

பதில்: பத்து வருடம் முன்னால் என்றால் வாங்குங்கள் என்றிருப்பேன். இப்போது 17 அடி அலுமினியம், பக்கச் சுவர் உயரமாக இருக்கிறதாகப் பாருங்கள், மோட்டார் 60 முதல் 90 குதிரைசக்தி போதும். பின்பக்கம் ஏணி கட்டாயம் இருக்க வேண்டும், தனியாகப் போகிறவர் தண்ணீரில் விழுந்தால் உங்களைத் தூக்கிவிட ஆள் கிடையாது. எஞ்சின் நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டுங்கள், 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரலில் இருந்து அது மத்திய சட்டமும் ஆகிவிட்டது. தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் கழுத்தில் இருப்பதே தெரியாது, கழற்ற வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கையில் ஏறினால் சுலபமாக வந்துவிடும்.

கேள்வி: கணவருக்கு ஏரி, எனக்கு என்ன? டெக்சஸில் ஒரு குக்கிராமத்தில் வீடு பார்த்துவிட்டு வந்து சந்தோஷமாகப் படம் காட்டுகிறார். எனக்கு அழுகை வருகிறது.
(வாசகி, நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: அம்மா, அழுகை வருகிறது என்று எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். மீன் பிடிக்கிறவர் காலை ஐந்து மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்கு வருவார், அந்த ஆறு மணி நேரம் உங்களுடையது, அதற்கு ஒரு வாழ்க்கை அந்த ஊரில் இருக்க வேண்டும். கார் ஓட்டுவீர்களா, ராத்திரியிலும் ஓட்டுவீர்களா? இல்லை என்றால் குக்கிராமம் வேண்டவே வேண்டாம். லேக் ஃபோர்க் பக்கம்தான் என்றால் ஃப்ரிஸ்கோ அல்லது பிளேனோவில் வீடு வைத்துக்கொள்ளலாம், தமிழ்க் குடும்பங்கள், பாட்டு வகுப்பு, கோயில் எல்லாம் உண்டு, ஏரிக்கு ஒன்றரை மணி நேரம். அவர் வாரத்தில் இரண்டு நாள் போய் ஒரு ராத்திரி தங்கி வரட்டும். இதை விட்டுக்கொடுத்தல் என்று அவர் நினைக்கக் கூடாது, இது இரண்டு பேருடைய ஓய்வு.

கேள்வி: பாஸ் என்பது நம் கொடுவாதானே? நம் ஏரிகளிலும் விட்டு வளர்த்தால் என்ன?
(வாசகர், மதுரை)

பதில்: கொடுவாவைத் துறைமுகங்களில் சீ பாஸ் என்பார்கள், பெயர்தான் ஒன்று. அமெரிக்கக்காரர்கள் சொல்லும் பெரிய வாய் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன், வேறு குடும்பம். விட்டு வளர்க்கும் யோசனை வேண்டவே வேண்டாம். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் விட்டார்கள், அது பரவி உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்த்ததால் 2005-இல் அதை உயிரோடு எடுத்துச்செல்வதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். உலகச் சாதனை மீனும் அங்கேதான், பிவா ஏரியில் 2009-இல் பிடிபட்டது, 1932-இல் ஜார்ஜியாவில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் சாதனைக்குச் சமமாக. அவ்வளவு பெரிதாக வளர அது எத்தனை உள்ளூர் மீனை விழுங்கியிருக்கும்! நம் கெண்டையும் விராலும் குரவையும் அப்படிப் போக வேண்டாம்.

கேள்வி: அப்பா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் வந்திருக்கிறார். வீட்டில் அடைந்து கிடக்கிறார், மீன் பிடிக்க ஆசை. லைசென்ஸ் இல்லாமல் முடியுமா?
(வாசகி, ஹூஸ்டன்)

பதில்: முடியும். டெக்சஸ் ஸ்டேட் பார்க் எல்லைக்குள் கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ பிடித்தால் லைசென்ஸ் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். மண்புழு ஒரு டப்பா, தக்கை, சின்ன முள், ஒரு மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணீர். வெயில் ஏறுமுன் கூட்டிப்போய், பத்து மணிக்குள் கூட்டி வந்துவிடுங்கள். அளவும் எண்ணிக்கையும் கேட் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். முதல் தடவை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், தாமிரபரணியில் பிடித்த கதையெல்லாம் அங்கேதான் சொல்வார்.