டிவிஎஸ் டையோடு: கேள்வி பதில்

கேள்வி: 24 வோல்ட் போர்டுக்கு, திடீர் வோல்டேஜ் உயர்வை வெட்டும் டிவிஎஸ் டையோடாக எஸ்எம்பிஜே24ஏ போட்டேன். ரெகுலேட்டரின் உச்ச வரம்பு 36 வோல்ட். சர்ஜ் டெஸ்டில் (திடீர் வோல்டேஜ் பாய்ச்சும் சோதனை) ரெகுலேட்டர் போய்விட்டது, டையோடு நன்றாக இருக்கிறது. எப்படி?

பதில்: பெயரில் உள்ள 24, டையோடு சும்மா இருக்கும் வோல்டேஜ். 26.7 முதல் 29.5-க்குள் எங்கோ 1 மில்லிஆம்பியர் கடத்தத் தொடங்கும். கரன்ட் ஏறினால் வோல்டேஜும் ஏறும். 15.4 ஆம்பியர் பாயும்போது 38.9 வோல்ட் வரை போகலாம். டேட்டாஷீட்டில் கிளாம்ப் வோல்டேஜ் என்று போட்டிருப்பது அதைத்தான், உங்கள் ரெகுலேட்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் அதுதான். 22 வோல்ட் டையோடுக்கு இறங்காதீர்கள், சப்ளையே அதைக் கசிய வைக்கும். 1500 வாட் வகையான எஸ்எம்சிஜே24ஏ போட்டுப் பாருங்கள். அதே 15 ஆம்பியருக்கு அது சில வோல்ட் கீழே நிற்கும். இடம் இருந்தால் 60 வோல்ட் ரெகுலேட்டர் இன்னும் நிம்மதி.

கேள்வி: எஸ்எம்பிஜே வகைக்கு 600 வாட் என்கிறார்களே, 12 வோல்ட் போர்டில் தவறி 24 வோல்ட் அடாப்டரைச் செருகினால் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. அந்த 600 வாட், 10 மைக்ரோசெகண்டில் உச்சத்துக்கு ஏறி 1000 மைக்ரோசெகண்டில் பாதியாகும் ஒரே பல்ஸுக்கு. தொடர்ந்து என்றால் சில வாட்தான். பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதனால் முன்னால் பியூஸ் வையுங்கள்.

கேள்வி: டிவிஎஸ்ஸுக்குப் பதில் ஜீனர் டையோடு போதாதா?

பதில்: போதாது. அது சிறிய, நிலையான கரன்ட்டுக்கானது.

கேள்வி: யூஎஸ்பி கனெக்டர் பக்கம் இடமில்லை. டையோடை ஐசி அருகில் வைத்து, லைனிலிருந்து 10 மில்லிமீட்டர் கிளை டிராக் இழுத்தேன். பரவாயில்லையா?

பதில்: அந்தக் கிளைதான் வில்லன். அதன் இண்டக்டன்ஸ் (கரன்ட் வேகமாக மாறுவதை எதிர்க்கும் குணம்) மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நேனோஹென்றி. 8 கிலோவோல்ட் இஎஸ்டி (நிலைமின் பாய்ச்சல்) நேரடித் தொடுகையில் 30 ஆம்பியர் ஏறக்குறைய 1 நேனோசெகண்டில் ஏறும். 10 நேனோஹென்றியில் அது 300 வோல்ட். டையோடு எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன?

குறுக்கீடு: மிகைப்படுத்துகிறீர்கள். கனெக்டரிலிருந்து டையோடு வரை எவ்வளவு நீளம் இருந்தாலும் கிளாம்ப் மாறாது. அந்த இண்டக்டன்ஸ் கரன்ட்டைத் தடுக்கத்தானே செய்கிறது?

பதில்: கனெக்டர் பக்கத்து நீளத்துக்கு அது பாதி சரி. நான் திட்டியது கிளையை. லைனிலிருந்து டையோடுக்கும், டையோடிலிருந்து கிரவுண்டுக்கும் உள்ள நீளம் அப்படியே கிளாம்ப் வோல்டேஜோடு கூடும். லைன் டையோடின் பேட் வழியாகவே போய் ஐசிக்குச் செல்லட்டும்.

குறுக்கீடு: அப்படியானால் ஐசி அருகிலேயே வைக்கலாமே.

பதில்: கூடாது. முதலாவது, டையோடுக்கும் ஐசிக்கும் இடையே இருக்கும் டிராக்தான் உதவிக்கு நிற்கும் இண்டக்டன்ஸ். அருகில் வைத்தால் அது போச்சு. இரண்டாவது, அந்த 30 ஆம்பியர் போர்டின் குறுக்கே ஓடி வரும்போது பக்கத்து டிராக்குகளிலும் வோல்டேஜைத் தூண்டும். கனெக்டரிலேயே கிரவுண்டுக்கு இறக்கிவிட வேண்டும்.

குறுக்கீடு: இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: முதலாவதும் ஒருநாள் ஒப்புக்கொள்வீர்கள். அப்புறம், யூஎஸ்பி டேட்டா லைனில் எஸ்எம்பிஜே போட்டுவிடாதீர்கள். 5 வோல்ட் வகைக்கு ஆயிரக்கணக்கான பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ். 480 மெகாபிட் சிக்னல் அதில் கரைந்துவிடும். குறைந்த கெப்பாசிட்டன்ஸ் டிவிஎஸ் அரே (பல டையோடுகள் சேர்ந்த ஒரே சிப்) வாங்குங்கள்.

கேள்வி: பெயரின் கடைசியில் வரும் ஏ, சிஏ என்ன வித்தியாசம்?

பதில்: சிஏ இருதிசை. டிசி சப்ளைக்கு ஏ போதும், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

கேள்வி: 12 வோல்ட்டுக்கு எஸ்எம்பிஜே12ஏ போட்டால் 12-லேயே நிறுத்துமா?

பதில்: சரி, இன்னொரு முறை: பெயரில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள், கிளாம்ப் வோல்டேஜைப் பாருங்கள். இதற்கு 19.9. அடுத்து 15 வோல்ட், 18 வோல்ட் என்று கேட்க இருப்பவர்களுக்கும் இதே பதில், எண்கள் டேட்டாஷீட்டில்.

கேள்வி: வீட்டு மெயின்ஸுக்கு, இடிக்கு?

பதில்: அது மீட்டர் பலகையில் வைக்கும் சர்ஜ் கருவியின் வேலை. எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

கேள்வி: ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 என்ற சாதாரண டையோடு இருக்கிறது, ரிலே மெதுவாக விடுபடுகிறது.

பதில்: டையோடு குறுக்கே இருப்பதால் காயில் கரன்ட் மெல்லத்தான் வடிகிறது. அந்த டையோடோடு எதிர்த்திசையில் ஒரு டிவிஎஸ்ஸைத் தொடராகச் சேருங்கள், சீக்கிரம் வடியும். சப்ளையும் கிளாம்ப் வோல்டேஜும் கூட்டி வருவதை, காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.