அப்பா இறந்து 12 வருடம் ஆகிவிட்டால் சொத்தில் பங்கு கேட்க முடியாதா?

காலவரம்பு என்பது வழக்குப் போடச் சட்டம் தரும் கெடு. வருடங்கள் போகப் போக சாட்சிகள் மறைவார்கள், பத்திரங்கள் தொலையும். அதற்காகத்தான் இந்தக் கெடு. இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து ஒதுக்கப்பட்டவர் பங்கு கேட்க 12 வருடம். எந்த நாளிலிருந்து என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மரணத் தேதியிலிருந்து அல்ல; ஒதுக்கப்பட்டது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து.

பொதுக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தினமும் இறைக்கிறார். தங்கை வாழ்க்கைப்பட்டு வெளியூரில். அதனால் அவள் உரிமை வற்றிவிடாது. ஒரு பங்காளியின் அனுபவத்தை எல்லோருக்குமான அனுபவமாகவே சட்டம் பார்க்கும். அண்ணன் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டு, "உனக்கு இதில் ஒன்றுமில்லை" என்று நேருக்கு நேர் சொன்னால், அன்றிலிருந்துதான் கெடு எண்ணப்படும். அப்படிச் சொன்னதை நிரூபிப்பதும் அண்ணன் பாடு.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய மட்டும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான். இதைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

பட்டா அண்ணன் பெயருக்கு மாறியதாலேயே தங்கையின் பங்கு போய்விடாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான், உரிமையை மாற்றும் பத்திரம் அல்ல.