டின் வெதுவெதுப்பாக வந்தால் திருப்பி அனுப்பலாமா? குளிர்பானக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து உணவகங்களிலும் ஒட்டுக்கடைகள் எனும் சிறு கடைகளிலும் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். காசு வாங்கி விற்கிற டின் பானம் குளிர்பெட்டியிலேயே குளிர்ந்து மேசைக்கு வர வேண்டும், ஐஸ் போட்ட கிளாசைக் காட்டிச் சமாளிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி (லிந்தாங்கிலிருந்து ஓர் ஆசிரியை): வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சார்சி என்ற வாயு பானம் கேட்டேன். அலமாரியிலிருந்து டின்னை எடுத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் ஐஸையும் வைத்தார்கள். "ஊற்றினால் குளிர்ந்துவிடும், இரண்டும் ஒன்றுதான்" என்றார் கடைக்காரர். ஒன்றுதானா?

ஒன்றல்ல, டீச்சர். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். 320 மில்லி டின் நம் ஊர் மதியத்தில் 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும். அதை 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 100 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். உருகிய தண்ணீர் எங்கே போகும்? உங்கள் சார்சிக்குள்தான். டின்னில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்த பானத்தைக் குடிக்கிறீர்கள். ஏற்கெனவே குளிர்ந்த டின்னாக இருந்தால் அதே கிளாசில் ஐஸ் மிகக் கொஞ்சமே கரையும்.

அடுத்தது வாயு. சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைத் தன்னுள் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 0.7 லிட்டரைக்கூட அதனால் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் வெதுவெதுப்பான டின்னைத் திறந்து ஐஸ் மேல் ஊற்றியதும் நுரை கிளாஸ் விளிம்பு வரை பொங்குகிறது. ஐஸ் கட்டியின் சொரசொரப்பான மேற்பரப்பு குமிழிகளை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். நுரை அடங்கும்போது சுறுசுறுப்பும் போய்விடும். மிஞ்சுவது நிறம் ஏறிய இனிப்புத் தண்ணீர்.

கேள்வி (பட்டணத்தில் உணவகம் நடத்துபவர்): அண்ணே, பேசுவது எளிது. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தீர்களா? எல்லா டின்னையும் குளிர்பெட்டியில் வைத்துக் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும், தம்பி. 24 டின் கொண்ட ஒரு பெட்டியை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க, அதிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம் கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. குளிர்பெட்டி தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைவிட அதிக வெப்பத்தை வெளியே தள்ளக்கூடியது என்பதால் மீட்டரில் ஓடுவது இன்னும் குறையும். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தாலும் முழுப் பெட்டிக்கும் பன்னிரண்டு சென்னுக்கு மேல் போகாது. டின்னுக்கு அரைச் சென். மளிகைக்கடை விலைக்கு மேல் நீங்கள் வைக்கும் தொகையில் இது எந்த மூலைக்கு?

உங்கள் பணத்தைத் தின்பது டின் இல்லை, பராமரிப்பில்லாத குளிர்பெட்டி. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவில் கடையைச் சாத்தும்போது குளிர்பெட்டியின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிற பழக்கத்தை விடுங்கள். காலையில் போட்டால் மதியக் கூட்டம் வரும்வரை பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். அதே பெட்டியில் பாலும் தயிரும் இருந்தால் ஆபத்து வேறு.

கேள்வி (தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் ஒட்டுக்கடை வைத்திருக்கும் அக்கா): குளிர்பெட்டி நாள் முழுக்க ஓடுகிறது. ஆனாலும் டின் சில்லென்று இருப்பதில்லை. பெட்டியைக் குளிர்விக்கும் வாயு தீர்ந்துவிட்டதா?

வாயுவைக் குறை சொல்வதற்கு முன் நான்கைந்து இடங்களைப் பாருங்கள், அக்கா. என் அனுபவத்தில் பெரும்பாலான பெட்டிகளின் நோய் தூசிதான். கீழேயோ பின்னாலேயோ இருக்கும் கம்பிச்சுருளில் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப்பசையும் தூசியும் சேர்ந்து கம்பளம்போல் அப்பிக்கொள்ளும். உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விட அதற்கு வழியில்லை. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, மென்மையான பிரஷால் மாதம் ஒருமுறை துடையுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதைவிடக் கொடுமை கிடையாது.

பிறகு கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிரும் அந்த வழியாகவே போகிறது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதும், புதுப் பெட்டி தேவையில்லை.

டின்களை அடுக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே இருக்கும் காற்றாடியை மறைத்து டின்களை நெருக்கி அடுக்கினால் காற்று சுற்றாது. மேல்தட்டு உறையும், கீழ்த்தட்டு வெதுவெதுக்கும். விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். புதுச் சரக்கை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து முன்வரிசையில் வைப்பது பெரும் தவறு. வேலைப் பையன் கைக்கு முதலில் எட்டுவது அதுதான், வாடிக்கையாளருக்குப் போவதும் அதுதான். இரவு கடை சாத்தும்போது புதியதைப் பின்வரிசையில் ஏற்றுங்கள், குளிர்ந்ததை முன்னுக்கு இழுங்கள். நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரும் அதற்குள் ஒரு வெப்பமானியும் வையுங்கள். 2 முதல் 5 டிகிரி வரை காட்டினால் உங்கள் பெட்டி நலமாக இருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகும் இறங்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (கடையில் வேலை பார்க்கும் இளைஞர்): கோயில் திருவிழா நாளில் திடீரென்று கூட்டம் வந்து, குளிர்ந்த டின்கள் தீர்ந்துபோனால் என்ன செய்வது? உறைபெட்டியில் போடலாமா?

போடாதீர்கள், தம்பி. அவசரத்தில் போட்டு மறந்துவிடுவோம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு பருக்கும். டின் வீங்கி வெடிக்கும், கண்ணாடிப் போத்தல் என்றால் சில்லு பறக்கும்.

ஒரு பெரிய வாளியில் ஐஸைக் கொட்டி, டின் முழுகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் முக்கியம். வெறும் ஐஸில் டின் சில புள்ளிகளில்தான் உரசும், நடுவில் காற்று நிற்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டு கைப்பிடி உப்புப் போட்டால் அந்தத் தண்ணீர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். இடையிடையே டின்களைப் புரட்டிக்கொடுத்தால் கால் மணி நேரத்தில் நன்றாகக் குளிர்ந்துவிடும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள், வாய் வைத்துக் குடிக்கிற இடம் அது.

கேள்வி (சலாக்கிலிருந்து ஒரு குடும்பத் தலைவி): அதே வாளி ஐஸைக் கிளாசிலும் போட்டுத் தருகிறார்களே?

அந்தக் கடையில் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அம்மா. டின் பல லாரி, பல கிடங்கு ஏறி இறங்கி வந்தது. குடிக்கும் ஐஸ் தனிப் பெட்டியில், மூடியோடு, அதற்கென்று உள்ள கரண்டியோடு இருக்க வேண்டும். வெறுங்கையால் அள்ளுவதைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். நம் நாட்டில் உணவைக் கையாள்பவர்கள் பயிற்சி பெறவும் டைபாய்டு தடுப்பூசி போடவும் 2009 உணவுத் தூய்மை விதிமுறைகள் கட்டாயப்படுத்துவது காரணமில்லாமல் இல்லை.

கேள்வி (தோட்டத்தில் ஓய்வுபெற்ற கங்காணி): எனக்குக் குளிர்ந்தது ஒத்துக்கொள்ளாது. எல்லாரும் சில்லென்றுதான் குடிக்க வேண்டும் என்று சட்டமா?

இல்லை, ஐயா. கேட்பவருக்குக் குளிராததைக் கொடுக்க ஒரு சில டின்களை வெளியே வைத்திருப்பது நல்ல கடைக்கு அழகு. காய்ச்சலில் படுத்தவருக்கு 100 பிளஸ் என்ற வாயு பானத்தை வாயு போகவிட்டு, சாதாரணச் சூட்டில் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமாயிற்றே. தேர்வு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். கடைக்காரரின் சோம்பல் உங்களுக்காகத் தேர்வு செய்யக் கூடாது.

கேள்வி: குளிராத பானம் கூடுதலாக இனிக்கிறதே, சீனி அதிகமா?

சீனி அதே அளவுதான். நாக்கு வெதுவெதுப்பில் இனிப்பைக் கூர்மையாக உணரும், குளிரில் மந்தமாக உணரும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் "சில்லென்று குடித்தேன், அவ்வளவாக இனிக்கவில்லை" என்று ஏமாற வேண்டாம். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் அரசாங்கம் வரி விதிக்கிறது. டின்னின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் படியுங்கள்.

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகர்): டின் குளிராமல் வந்ததால் ஐஸ் கேட்டேன். ஐஸுக்குத் தனியாக 50 சென் போட்டுவிட்டார்கள். நியாயமா? ஊரில் எல்லாரும் தெரிந்தவர்கள், சண்டை போடவும் மனமில்லை.

நியாயமே இல்லை. தன் பெட்டி செய்யத் தவறிய வேலைக்கு உங்களிடம் கட்டணம் வாங்குவது அது. சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டின் வாங்கித் தரும் ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். நான்கு டின், நான்கு கிளாஸ் ஐஸ். அந்த இரண்டு ரிங்கிட் அவருக்குச் சிறிய தொகையா? ஐஸுக்குக் காசு வாங்கினால் அதை விலைப்பட்டியலில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாமல் வாங்கினால் ரசீதோடு உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம்.

சண்டை வேண்டாம் என்றால் ஒரே வழிதான். டின்னைத் திறப்பதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். குளிரவில்லை என்றால், "அண்ணே, உள்ளே குளிர்ந்தது இருந்தால் மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். திறக்காத டின்னை மாற்றித் தருவதில் எந்தக் கடைக்காரருக்கும் நட்டமில்லை. திறந்த பிறகு கேட்டால் அவர் பக்கம் நியாயம் போய்விடும். குளிர்ந்தது இல்லவே இல்லை என்றால் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தே ஓ ஐஸ், அதாவது ஐஸ் போட்ட பால் சேர்க்காத தேநீர், கேளுங்கள்.