கரும்பலகை மாம்பழத்தை அழித்துவிடுங்கள்

கேள்வி: கிராமத்து அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 32 குழந்தைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையான 40 நிமிடங்கள் ஓவியத்துக்கு உரியவை. எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லாததால், கரும்பலகையில் ஒரு மாம்பழத்தையோ, இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியனையோ வரைந்து, பார்த்து வரையச் சொல்கிறேன். நாலைந்து பேரைத் தவிர மற்றவர்கள் சலித்துப்போகிறார்கள். ஒரு சிறுமி, “எனக்கு வரைய வராது டீச்சர்” என்று நோட்டையே மூடிவிடுகிறாள். அதிகச் செலவில்லாமல் இவர்களுக்கு என்ன கலைப் பணிகள் கொடுக்கலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்த இரண்டு மலைகளையும் நடுவில் எழும் சூரியனையும் நானும் பள்ளி நாட்களில் நூறு முறையாவது வரைந்திருப்பேன். இத்தனைக்கும் எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் 32 தாள்களையும் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். அவை ஒன்றுபோலவே இருந்தால், அன்று படம் வரைந்தவர் நீங்கள் ஒருவர்தான், குழந்தைகள் படியெடுத்திருக்கிறார்கள். ஒரு பணியைத் தேர்ந்தெடுக்கும்போது, செய்து முடித்தபின் 32 தாள்களும் 32 விதமாக இருக்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு, அழகு, சுவரில் ஒட்டத் தகுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த வயதுக் குழந்தை கண்ணால் கண்டதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பேருந்தை வெளியிலிருந்து வரையும்போதே உள்ளே அமர்ந்திருப்பவர்களின் கால்களையும் காட்டும். தனக்கு முக்கியமான பாட்டியை வீட்டைவிடப் பெரிதாகப் போடும். தாளின் அடியில் ஒரு கோடு கிழித்து, மரம், மாடு, மனிதர் அனைவரையும் அதன்மேல் வரிசையாக நிறுத்தும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தை ஓவியத்தின் படிநிலைகளை 1947-இல் எழுதியபோது, இவற்றை ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயதுக்கு உரிய இயல்புகளாகவே கணித்தார். ஆகவே, பாட்டி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறார் என்று திருத்தப் போகாதீர்கள். கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு கதை கிடைக்கும்.

முதலில் காய்கறி அச்சிலிருந்து தொடங்கலாம். அதில் எவருக்கும் ‘வரைய வராது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. சமையலுக்கு ஆகாத முற்றிய வெண்டைக்காயே இதற்கு உகந்தது. குறுக்கே வெட்டி, வழுவழுப்பைத் துணியால் ஒற்றி எடுத்துச் சற்று நேரம் காயவிட்டால், நட்சத்திரம் போன்ற ஒரு பூ தெளிவாக விழும். பாகற்காய் சுருக்கம் விழுந்த வளையத்தையும், வெங்காயம் ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களையும் தரும். என் விருப்பம் வாழை மட்டைதான்: குறுக்கே அறுத்தால் பிறை வடிவத்துக்குள் சிறுசிறு அறைகள் தெரியும், காசு கொடுத்து வாங்கும் எந்த அச்சிலும் அந்த வடிவம் கிடைக்காது. வெட்டும் வேலை உங்களுடையதாகவே இருக்கட்டும். வண்ணத்தைத் தட்டில் நேரடியாக ஊற்றினால் காய் அதில் மூழ்கி, அச்சுக்குப் பதில் திட்டுதான் விழும். பழைய துணியை மடித்துத் தட்டில் வைத்து, அதில் வண்ணத்தை ஊறவிட்டு ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் மனம்போனபடி குத்தட்டும். இரண்டாம் வாரம், காய்ந்த அச்சுகளின்மேல் பென்சிலால் கால், வால், கொம்பு சேர்த்து அவற்றை ஏதேனும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். ஒரே வெண்டைக்காய்ப் பூ ஒருவரிடம் சக்கரமாகும், இன்னொருவரிடம் சிலந்தியாகும்.

வண்ணம் வாங்கப் பணமில்லையென்றால் மஞ்சள்தூள் இருக்கிறது. கெட்டியாகக் கரைத்த மஞ்சள் நீரைத் தாள் முழுதும் பூசிக் காயவைத்து, துணி சோப்பைக் கரைத்த நீரில் ஈர்க்குச்சியைத் தோய்த்து வரையச் சொன்னால், கோடு சென்ற வழியெல்லாம் சிவந்துகொண்டே வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டால் அந்த இடம் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தி நீர் சிவப்பதும், சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதே காரத்தன்மையால்தான் என்பதைக் குழந்தைகளே யாராவது சொல்லிவிடுவார்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ஆரத்திக்குச் சேர்க்கும் சுண்ணாம்பை மட்டும் வகுப்பில் பயன்படுத்த வேண்டாம். கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

களிமண் தனி உலகம். ஊரில் மண்பாண்டம் செய்பவர் இருந்தால், அவர் பிசைந்து வைத்த மண்ணில் ஓர் உருண்டை கேட்டு வாங்குவது, குளத்து மண்ணை நீங்களே கல் பொறுக்கிச் சலித்துப் பிசைவதைவிட எவ்வளவோ மேல். கையில் ஒட்டாமலும், வளைத்தால் வெடிக்காமலும் இருப்பதே சரியான பதம். தலையையும் காலையும் வெறுமனே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும் என்பதால், ஒட்டுமிடம் இரண்டையும் குச்சியால் கீறி, சேற்றுக் குழம்பு தடவிப் பிறகே சேர்க்கப் பழக்குங்கள். நான் முதன்முதலில் ஒரு வகுப்பில் இதைச் செய்தபோது, சீக்கிரம் காயட்டும் என்று பொம்மைகளையெல்லாம் நல்ல வெயிலில் வைத்துவிட்டேன். மறுநாள் பாதி யானைகளுக்குத் தும்பிக்கை இல்லை. அழுத பிள்ளைகளைத் தேற்றவே அன்றைய பாடவேளை போயிற்று. நிழலில் மூன்று நான்கு நாட்கள் மெதுவாகக் காயவேண்டும். கட்டைவிரலைவிடத் தடிமனான பகுதி எதுவும் இல்லாதிருந்தால் வெடிப்பும் குறையும்.

மழை நாளுக்கு இலைத் தேய்ப்பு போதும்: கொய்யா இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, மெல்லிய தாளால் மூடி, மெழுகு வண்ணக் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்கவேண்டும். ஒட்டுவதற்கு மைதாப் பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் நஞ்சு என்பதால், அந்தப் பசையைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். கடையில் அச்சடித்து விற்கும் படங்களை வெட்டி ஒட்டும் ‘ப்ராஜெக்ட்’ இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன். அதில் பெரும்பாலும் வேலை செய்வது அம்மாக்கள்தான்.

நோட்டை மூடிவிடும் அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லவேண்டும். கரும்பலகை மாம்பழத்தோடு தன் மாம்பழத்தை ஒப்பிட்டு, அவளே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் தாளில் நீங்கள் ஒரு கோடுகூடப் போட்டு உதவாதீர்கள். போட்டால் அவள் சொன்னதை நீங்களும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பக்கத்தில் அமர்ந்து, “உங்கள் வீட்டு ஆட்டுக்குக் காது மேலே நிற்குமா, கீழே தொங்குமா?” என்பது போன்ற, அவளுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் கையும் பெரும்பாலும் கூடவே வரும். வராவிட்டால் அன்றைக்கு வெண்டைக்காயை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ‘அழகு’ என்ற சொல்லை எவரிடமும் சொல்லாமல், “இந்த மாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய கண்?” என்று கேட்டு, குழந்தை சொல்லும் ஒரு வரியைத் தாளின் கீழே நீங்களே எழுதிக்கொடுங்கள். பிறகு 32 தாள்களையும், ஒன்றுகூட விடாமல், அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டிக் கவ்விகளில் தொங்கவிடுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். வண்ணத்தில் கை வைக்கும் முன்பே ஒவ்வொருவரையும் தாளின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதவைத்துவிடுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் ஒரே வெண்டைக்காய்ப் பூவுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடுவார்கள்.