நான்கு கண்ணிகளில் தொடங்குங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 47 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை முடிந்து இன்றோடு பதினாறு நாள். வயிற்றில் தையல். ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் படுத்துப் படுத்து மனம் சோர்ந்துவிட்டது. கைத்தொலைபேசியைப் பார்த்தால் தலை வலிக்கிறது. புத்தகத்தை எடுத்தால் ஒரே பக்கத்தை மூன்று தரம் வாசிக்கிறேன். மாமி இந்த வயதில் தனியாகச் சமைக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கக் கூச்சமாக இருக்கிறது. கனடாவிலிருந்து தங்கை ஆறு உருண்டை கம்பளி நூலும் ஒரு சோடி ஊசியும் அனுப்பியிருக்கிறாள். பாடசாலைக் காலத்தில் கொஞ்சம் நிட்டிங் பழகினேன், நேராகப் பின்ன மட்டும் தெரியும். இந்த உடம்போடு எதைப் பின்னலாம்? இந்த வெக்கையில் கம்பளியைத் தொடலாமா? ஊசியில் இருக்கும் நூல் வளையம், அந்தக் கண்ணி, தவறினால் என்ன செய்வது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ‘கூச்சம்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு நேரம் எடுத்தது. எட்டு வருடங்களுக்கு முன் எனக்கும் இதே சத்திரசிகிச்சை நடந்தது. பதினோராம் நாள் காலை, கிணற்றடியில் அரை வாளி தண்ணீரைத் தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள், கணவர் சந்தைக்குப் போயிருந்தார், பூக்கன்றுகள் வாடியிருந்தன. தூக்கிய கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ பிரிவது போல இருந்தது. சேலையில் ஈரம் படர்ந்ததைப் பார்த்து, வாளியிலிருந்துதான் தண்ணீர் சிந்திவிட்டது என்று முதலில் நினைத்தேன். திரும்பவும் வார்டில் ஐந்து நாள். அங்கே படுத்திருந்தபோது ஒன்று விளங்கியது. என்னை எழுப்பியது வேலை அல்ல. சும்மா கிடந்த கைதான் என்னை எழுப்பியது.

இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு ரீச்சர் ஒரு சோடி மூங்கில் ஊசியைக் கையில் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் ஒழுங்காக இருந்தேன். மடியில் பின்னல் இருந்தால் எழும்புவதற்கு முன் தொடங்கிய வரிசையை முடிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் குசினியில் தேங்காயை வேறு யாரோ திருவிவிடுவார்கள். உங்கள் மாமிக்கு உதவி தேவைதான். அந்த உதவியைக் கணவரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். ஆறு வாரம் முடியும்வரை திருவலையில் குந்தும் ஆள் நீங்களாக இருக்கக்கூடாது.

கைவேலையை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று சொல்லுங்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில், காயப்பட்ட படைவீரர்களுக்கு வைத்தியசாலைக் கட்டிலிலேயே கூடை பின்னவும் துணி நெய்யவும் நிட்டிங் செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்று இன்று நாம் அழைக்கும் துறைக்கு 1917இல் அமெரிக்காவில் ஒரு சங்கமே அமைந்தது. உடம்பு தேறும் காலத்தில் மனதுக்கும் கைக்கும் அளவான ஒரு வேலை வேண்டும் என்பது அதைத் தொடங்கியவர்களின் நம்பிக்கை.

‘அளவான’ என்பதுதான் இங்கே முக்கியம். தங்கை அனுப்பிய ஆறு உருண்டையைக் கண்டதும் ஸ்வெட்டர் பின்னும் ஆசை வரும். வேண்டாம். உறவுக்காரர் யாராவது காலுறை கேட்டால் அதற்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருக்கும் மனதுக்கு, எந்த வரிசையில் எதைக் குறைத்தோம் என்று நினைவு வைத்திருப்பது பெரும் சுமை. சால்வை சுலபம்தான், ஆனால் அது நீள நீள மடியில் குவியும். திருகோணமலையில் கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில், புண் ஆறாத வயிற்றின் மேல் கம்பளிக் குவியலை வைத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

ஆகவே ஒரு சதுரத்தைப் பின்னுங்கள். பாட்டிமார் கைமாற்றி வந்த, மூலையிலிருந்து தொடங்கும் பழைய சதுரம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த நேர்ப் பின்னல் அதற்குப் போதும். ஊசியில் நான்கு கண்ணிகள் மட்டும் ஏற்றி, ஒரு வரிசை நேராகப் பின்னுங்கள். அடுத்த வரிசையிலிருந்து, முதல் இரண்டு கண்ணிகளைப் பின்னி, நூலை ஊசியின் மேல் ஒருமுறை சுற்றி, மிச்சக் கண்ணிகளை நேராகப் பின்னுங்கள். அந்த ஒரு சுற்று ஒரு புதுக் கண்ணியாகிவிடும். ஒவ்வொரு வரிசையும் இதேதான். நான்கு ஐந்தாகும், ஐந்து ஆறாகும். 44 வரும்வரை இப்படியே போகலாம்.

பிறகு இறங்க வேண்டும். முதல் கண்ணியைப் பின்னுங்கள். அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். நூலை ஒருமுறை சுற்றுங்கள். மறுபடியும் இரண்டைச் சேர்த்துப் பின்னுங்கள். மிச்சம் நேராக. இரண்டு குறைந்து ஒன்று கூடுவதால் வரிசைக்கு ஒரு கண்ணி இறங்கும். திரும்பவும் நான்கு மிஞ்சியதும் முடித்துவிடுங்கள். இரண்டு முக்கோணங்கள் அடியோடு அடி ஒட்டிய சதுரம் ஒன்று கையில் இருக்கும். விளிம்பு முழுவதும் அந்தச் சுற்றுகள் விட்ட சிறு துளைகள் வரிசையாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும்.

நீங்கள் கணித ஆசிரியை, இதில் உங்களுக்குப் பிடிக்கப்போகும் இடம் ஒன்று உண்டு. எதையும் எழுதி வைக்கத் தேவையில்லை. நடுவில் தூங்கிவிட்டாலும், மறுநாள் எடுத்தாலும், ஊசியில் இருக்கும் கண்ணிகளை எண்ணினால் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியும். ஏறும் பாதியில் 23 இருக்க வேண்டிய இடத்தில் 22 இருந்தால், ஒரு சுற்றை மறந்திருக்கிறீர்கள் அல்லது ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. எண்ணிக்கையே காவல் நிற்கும்.

நடையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் அசையாமல் இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். அதனால்தான் வைத்தியசாலையில் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். ஒரு சதுரத்தில் ஏறக்குறைய 80 வரிசை இருக்கிறது. பத்து வரிசைக்கு ஒரு முறை எழுந்து படலை வரை மெதுவாகப் போய் வாருங்கள். வரிசைகள் நீளும் நடுப்பகுதியில் ஐந்துக்கு ஒரு முறை எழும்புங்கள். ஒரு சதுரம் முடியும்போது எட்டுப் பத்து நடை முடிந்திருக்கும். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வலியோ வீக்கமோ வந்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோ தையலில் சீழோ கண்டால், பின்னலைப் போட்டுவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

உட்காரும் விதத்தையும் சொல்கிறேன். சாய்மனைக் கதிரையில் அமிழ்ந்துவிடாதீர்கள். எழும்பும்போது வயிற்றுத் தசை இழுக்கும். கைப்பிடியுள்ள நேரான கதிரை நல்லது. மடியில் ஒரு தலையணை வைத்து முழங்கைகளை அதன் மேல் இறக்கினால் தோள் நோகாது. இருமல் வந்தால் அதே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளலாம். நூல் உருண்டையைத் தரையில் வைக்கக்கூடாது. அது உருண்டு கட்டிலுக்குக் கீழே போகும், நீங்கள் குனிவீர்கள். ஒரு பனையோலைப் பெட்டிக்குள் போட்டு, பக்கத்தில் முக்காலியில் வைத்துவிடுங்கள். விறாந்தையில் விடியற்காலையிலோ பின்னேரமோ இருந்து பின்னுங்கள். உச்சி வெயில் நேரத்தில் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும், பின்னல் இறுகும், மணிக்கட்டு வலிக்கும். அந்த நேரம் தூங்குவதற்கானது.

கம்பளியைத் தொடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொடலாம், முதல் சதுரத்துக்கு அதுதான் நல்லது. கம்பளி கொஞ்சம் இழுபடும். பழகும் விரல்களுக்கு அந்த இளக்கம் பெரிய உதவி. பருத்தி நூல் இழுபடாது, அதனால் கை சீக்கிரம் களைக்கும். ஆறில் வெளிர் நிற உருண்டையை முதலில் எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. நூலைச் சுற்றியிருக்கும் தாளில் ஊசிப் படமும் அதன் அருகே மில்லிமீற்றரில் ஓர் எண்ணும் இருக்கும். தங்கை தந்த ஊசி அந்த அளவுக்குக் கிட்ட இருந்தால் போதும். சதுரங்கள் சேர்ந்ததும், விளிம்புத் துளைகளுக்குள் நூலை விட்டு ஒன்றோடொன்று கோர்த்தால் ஒரு போர்வை ஆகிவிடும். கனடாவின் குளிருக்கு அது தங்கையிடமே திரும்பிப் போகட்டும். கையில் எப்போதும் ஒரு சதுரம்தான் இருக்கும், அதனால் வெக்கையும் தெரியாது, பாரமும் இருக்காது. முடிந்தவற்றைக் காய்ந்த வேப்பிலையோடு ஒரு தகர டின்னுக்குள் மூடி வையுங்கள். மாரி ஈரத்தில் பூச்சி கம்பளியைத் தேடி வரும்.

நம் வீட்டுக்கென்றால் அதே சதுரத்தைத் தடித்த பருத்தி நூலில் பின்னுங்கள். முகம் துடைக்கலாம், பாத்திரம் கழுவலாம், இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் சூடான சட்டியை இறக்கலாம். சட்டி பிடிப்பதற்கு மட்டும் அக்ரிலிக் நூல் ஆகவே ஆகாது. சூட்டில் அது உருகிக் கையில் ஒட்டிவிடும்.

நான்காம், ஐந்தாம் வாரத்தில் தெம்பு வந்தால், பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி பின்னிப் பாருங்கள். மெல்லிய பருத்தி நூலில், 4 மி.மீ. ஊசியில் 70 கண்ணிகள் ஏற்றி, 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நேராகப் பின்னி, பக்கத்தைத் தைத்து, உச்சியை நூலால் சுருக்கிக் கட்டினால் தொப்பி ஆயிற்று. பொத்தானும் நாடாவும் வைக்காதீர்கள், குழந்தையின் வாய்க்கும் கழுத்துக்கும் ஆபத்து. பிறந்த உடனே ஈரத் தலை வழியாக உடம்புச் சூடு போய்விடும் என்பதால்தான் அந்த முதல் மணித்தியாலங்களில் தொப்பி போடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, நம்முடைய வெயிலில், தூங்கும் குழந்தைக்கு அது தேவையில்லை.

இனித் தவறிய கண்ணி. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் திருக்கடலூரில் வலை பொத்தும் ஒரு பெரியவர். மீன் கொண்டுவந்து தருபவர், விறாந்தைப் படியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கண்ணியை நழுவவிட்டு, அது வரிசை வரிசையாகக் கீழே ஏணி போலப் பிரிந்துகொண்டு போவதைப் பார்த்துப் பதறினேன். அவர் கிளாசை வைத்துவிட்டுத் துணியை வாங்கினார். உப்பில் வெடித்த பெருவிரலால் அந்த ஏணியின் அடியை அழுத்திப் பிடித்தார். “எங்கள் வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு, பிள்ளை. ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி நிற்கும். உங்களுடையதில் முடிச்சே இல்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. விட்டதை முதலில் பிடித்துக் கட்டுங்கள், பிறகு யோசிக்கலாம்” என்றார். என் சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றி அந்தக் கண்ணிக்குள் குத்தினேன். ஏணி அதோடு நின்றது.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு ஊக்கைக் குத்திவிட்டு மிச்சத்தைப் பின்னிக்கொண்டு போங்கள். சதுரம் முடிந்ததும், நுனியில் மிஞ்சும் நூலைத் தையல் ஊசியில் கோர்த்து, அந்தக் கண்ணியைப் பக்கத்துப் பின்னலோடு சேர்த்துத் தைத்துவிடலாம். முழுவதையும் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டாம். என்னுடைய முதல் சதுரம் இன்றும் குசினியில் இருக்கிறது. ஒரு மூலை இழுபட்டு நீண்டிருக்கிறது, நடுவில் நான் தைத்த இடம் தழும்பு போலத் தடித்திருக்கிறது. தினமும் அதில்தான் கை துடைக்கிறேன்.

என்னிடம் வெளிர் மஞ்சள் பருத்தி நூல் இரண்டு உருண்டை மிச்சம் இருக்கிறது. விலாசத்தை எனக்குத் தனியாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமை உப்புவெளிப் பக்கம் வருவேன். நூலோடு ஊக்குகளும் ஒரு டசின் கொண்டுவருகிறேன். நீங்கள் எழுந்து வரவேண்டாம், கதிரையிலேயே இருங்கள். தேநீரை நான் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா